மானிட்டர் நின்றுபோன மேடைகள்

மேடையை விட்டு இறங்கும்போது யாராவது வந்து "பிரமாதமாப் பாடுனீங்க" என்று சொன்னால், நான் முதலில் அவருடைய கையைத்தான் பார்ப்பேன். கையில் துண்டுச்சீட்டு இருந்தால், அதில் பெரும்பாலும் பாட்டின் பெயர் இருக்காது, போன் நம்பர்தான் இருக்கும். இராமநாதபுரம் வட்டாரத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இன்னிசைக் கச்சேரிகளில் பாடியவள் நான். உடை மாற்றக் கொடுக்கும் அறையின் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுப் பார்ப்பேன். மூடி திறந்த தண்ணீர் பாட்டிலைத் தொட மாட்டேன். யாரையும் சட்டென்று நம்பாததால்தான் அத்தனை வருஷம் இந்தத் தொழிலில் நிற்க முடிந்தது. அதே குணத்தால் ஒரு பெண்ணுக்கு அநியாயமும் செய்தேன்.

போன மாதம் நாலு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். கல்லூரி முடித்தவர்கள், சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக ஓர் அறையில் பயிற்சி செய்கிறார்களாம். ஏறிய மேடைகள் இரண்டே இரண்டு. அதிலும் பின்னணி இசையை லேப்டாப்பில் பதிந்து ஓடவிட்டிருக்கிறார்கள். தப்பு செய்தாலும் அது மூடிவிடும் என்றார்கள். "ஆனாலும் மேடை ஏறுனா கை நடுங்குதுக்கா. நீங்க எப்படிப் பயத்தைப் போக்குனீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குத் தெரியாமல் படம் பிடிக்கிறார்களோ என்று, மேஜைமேல் இருந்த போன்களைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பிறகு, "அடிக்கடி மேடை ஏறுங்க, தானாப் போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

நான் பாட்டு கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து, பரமக்குடியில் ஒரு டீச்சரம்மாவிடம் மூன்று வருஷம், பிறகு கல்யாணம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், பாட்டுப் பைத்தியம். அவர்தான் என்னைச் சூசை மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

சூசை மாஸ்டர் தங்கச்சிமடத்துக்காரர். கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, மாதா கோயில் ஆர்மோனியத்தில் கை பழகி, கீபோர்டுக்கு வந்தவர். மேடையில் யாரையும் திட்டியதில்லை. தப்பு நடந்தால் வாயில் இருக்கும் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவார், அவ்வளவுதான். அவரிடம் ஒரு நீளமான டைரி இருந்தது. எந்தப் பாட்டை யார் எந்தச் சுருதியில் பாடினோம், எந்த இடத்தில் மூச்சு வாங்கினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கச்சேரிக்கு முன்னால் ஒவ்வொருவரையும் ஒரு வரி பாடவோ வாசிக்கவோ சொல்லிவிட்டு, அவர் இறங்கிப்போய்க் கடைசி நாற்காலியில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். "மூஞ்சியப் பாத்தா காது ஏமாந்துரும்" என்பார்.

கச்சேரி முடிந்ததும் ஒரு வயரைக்கூடக் கழற்ற விடமாட்டார். எல்லோரும் மிக்ஸரைச் சுற்றி நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். தன் தப்பை மட்டும்தான். அடுத்தவர் தப்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சேர்ந்த புதிதில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. நாம் சொல்வதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு பின்னால் நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

குழுவின் முதல் பெரிய மேடை ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு போனோம். எனக்கு இரண்டாவது சரணம் மறந்துபோனது. ரிதம் பேட் வாசிக்கும் கீழக்கரைக் கனிக்குப் பயத்தில் வேகம் கூடிக்கொண்டே போனது. பாட்டு முடிவதற்குள் நாங்கள் ஆளுக்கொரு திசையில் ஓடிக்கொண்டிருந்தோம். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏப்பா, பேசாம ரேடியோவப் போடுங்கப்பா!" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது.

மறுநாள் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். "இனிமே ரூம்ல பிராக்டிஸ் கிடையாது. பாட்டு உங்களுக்குத் தெரியும். ஆளுகளத்தான் தெரியல. எந்த விசேஷம் வந்தாலும் போறோம்."

சொன்னபடியே எதையும் விடவில்லை. காதுகுத்து, புதுமனை புகுவிழா, பூப்புனித நீராட்டு, பள்ளி ஆண்டு விழா. உச்சிப்புளியில் ஒரு வளைகாப்புக்குப் பாடினோம்; கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினோரு பேர், அதில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் அறுபதாம் கல்யாணம்; கடல்காற்று நாங்கள் பாடியதை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. கீழக்கரையில் ஒரு கடைத்திறப்பு. பாட்டின் நடுவில் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சட்டென்று நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். பாங்கு முடிந்ததும் கனி குச்சியைத் தூக்கி என்னைப் பார்த்தான். விட்ட வார்த்தையிலிருந்து எடுத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகக் கை நடுங்கவில்லை.

இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. பதினோரு பேருக்குப் பாட இந்த மனுஷன் ஏன் இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வருகிறார்? இதில் அவருக்கு என்ன ஆதாயம்? கனியிடம் கேட்டேன். "உங்களுக்கு எதுலதான்க்கா சந்தேகம் இல்ல?" என்று சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் தர்சினி வந்தாள். மண்டபம் அகதிகள் முகாமில் இருப்பவள். கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். முகாமிலேயே வளர்ந்திருந்தாலும் பேச்சு அவள் அம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சு. இருபது வயதுகூட இருக்காது. குரல் சுத்தமான குரல். முதல் நாள் அவள் பாடியபோது மாஸ்டர் கிராம்பு மெல்வதை நிறுத்திவிட்டார். அதை நான் கவனித்தேன். நான் பாடியபோது அவர் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை.

அவள் வந்து இரண்டு மாதம் கழித்து வில்லங்கம் ஆரம்பித்தது.

பரமக்குடியில் ஒரு வரவேற்பு. சரணத்தின் நடுவில் என் மானிட்டர் நின்றுபோனது. மானிட்டர் என்பது, பாடுகிறவருக்குத் தன் குரலும் வாத்தியமும் கேட்பதற்காகக் காலடியில் வைக்கும் ஸ்பீக்கர். அது நின்றால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். இரண்டு வரி சுருதி விலகிப் பாடிவிட்டுப் பிறகு கனியின் கையைப் பார்த்துச் சமாளித்தேன். சவுண்ட் பார்க்கும் முத்து, "வயர் லூஸுக்கா" என்றான்.

அடுத்தது ஒரு பள்ளி ஆண்டு விழா. முன்னிசை அரைக் கட்டை ஏறி வந்தது. என் குரல் தொட முடியாத உயரம். உச்சத்தில் கீழ்ஸ்தாயிக்கு மாறிப் பாடித் தப்பித்தேன். மாஸ்டர் கீபோர்டைக் குனிந்து பார்த்து, "சுருதிப் பட்டன் மாறிக் கெடக்கு. யாரோ தொட்டிருக்காக" என்றார். யாரோ. அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

கனிக்கு ஒருநாள் பேட் வயர் கழன்று கிடந்தது. ஆண்குரல் பாடுகிறவருக்கு மைக் செத்தது. எல்லோருக்கும் ஏதாவது ஒன்று நடந்தது. தர்சினிக்கு மட்டும் எதுவுமே நடக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் அவள் தனியாக மிக்ஸர் பக்கம் போவாள். முத்துவின் காதோடு ஏதோ சொல்வாள். அவன் தலையாட்டிவிட்டு எதையோ திருகுவான். நான் கிட்டப் போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் பின்னாலிருந்து கூப்பிட்டால், கேட்காத மாதிரி போய்விடுவாள். திமிர் என்று நினைத்தேன். என் இடத்துக்கு வர நினைக்கிறாள், முத்துவைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார். பார்க்காமலே எனக்குத் தெரியும் என்றேன்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை தொந்தரவிலும் நாங்கள் பாட்டை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. மானிட்டர் போனால் கனியின் கையைப் பார்த்தேன். கனிக்கு வயர் போனால் நான் கைதட்டித் தாளம் கொடுத்தேன். கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழு கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. நானோ ஒவ்வொரு மேடையிலும் தர்சினி மேல் ஒரு கண் வைத்தபடியே பாடினேன்.

கடைசியாக என் பாட்டு நோட்டு. இராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் நேரக் கச்சேரி. அடுத்து பாட வேண்டிய பாட்டுக்காக நோட்டைப் புரட்டினால், அந்தத் தாளே இல்லை. கிழிக்கவில்லை, கிளிப்பிலிருந்து பக்குவமாக உருவியிருந்தார்கள். பாட்டு தானாக வந்தது. ஒரு சொல்கூடத் தட்டவில்லை. ஆனால் பாடி முடித்தபோது எனக்குக் கோபத்தில் கண் இருட்டியது.

கச்சேரி முடிந்து மிக்ஸரைச் சுற்றி நின்றோம். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம் பின்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. என் முறை வந்தது.

"என் தப்பு, வந்த அன்னைக்கே இவளப் பத்திச் சொல்லாம இருந்ததுதான்" என்று தர்சினியைக் காட்டினேன். "மானிட்டர நிறுத்துறது, பட்டன மாத்துறது, இப்பத் தாள உருவுறது. எல்லாம் இவளும் முத்துவும்தான். எத்தன நாள் பாக்குறேன், குசுகுசுன்னு. எங்கிருந்தோ வந்தவள நம்பிப் பக்கத்துல நிக்கவச்சீங்கள்ல மாஸ்டர், அதுக்கு இது வேணும்."

'எங்கிருந்தோ வந்தவள்' என்றதும் கனி தலையைக் குனிந்துகொண்டான்.

தர்சினி அழவில்லை. இடதுபக்கத் தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். "இந்தக் காது எனக்குக் கேக்காது அக்கா. சின்னனில சீழ் பிடிச்சுப் போட்டுது. வலது பக்க ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ எண்டுதான் முத்து அண்ணையிட்ட ஒவ்வொரு நாளும் சொல்லுறனான். உங்களுக்குத் தெரிஞ்சா, காது கேக்காதவளை ஏன் பாட வைக்கிறீங்கள் எண்டு நிப்பாட்டிப் போடுவீங்கள் எண்டு பயம்."

முத்துதான் முதலில் உடைந்தான். "மாஸ்டர், இனிமே என்னால முடியாது. நீங்களே சொல்லிருங்க" என்றான்.

மாஸ்டர் டைரியைத் திறந்தார். இரண்டாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். என் பாட்டு. என் கையெழுத்து.

"எல்லாம் நாந்தான். முத்து நான் சொன்னதச் செஞ்சான், அவ்வளவுதான்" என்றார். "அன்னைக்குத் திருவிழாவுல ஒரு சரணம் மறந்ததுக்கு மொத்தப் பேரும் செத்துப்போனீக. பெரிய மேடையில கரண்டு போகும், மைக்கு போகும், எல்லாம் போகும். அது மொதத் தடவையா அங்கன நடக்கக்கூடாதுன்னு பதினோரு பேரு முன்னால நடத்துனேன். இன்னைக்குத் தாளில்லாம ஒரு சொல்லு தட்டாமப் பாடுனேல்ல?"

சின்னச் சின்ன விசேஷங்களாகத் தேடித் தேடி எடுத்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"தர்சினிக்கு ஏன் மாஸ்டர் ஒண்ணும் பண்ணல?" என்று கேட்டான் கனி.

"அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு மேடையுமே அப்படித்தான். நான் வேற எதப் புடுங்குறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "யாரோ தொட்டிருக்காகன்னு சொன்னீங்களே மாஸ்டர். அந்த யாரோ நீங்கதான்னு சொல்லியிருந்தா நான் இந்தப் பிள்ளைய இப்படிப் பேசியிருப்பேனா?"

அவர் வாயிலிருந்த கிராம்பு அந்தக் கன்னத்துக்கு மாறியது.

தர்சினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பஸ் நிலையம் வரைக்கும் கனி பின்னாலேயே போயிருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லையாம். அடுத்த மூன்று கச்சேரிக்கு அவள் வரவில்லை. நானும் போகவில்லை. மாஸ்டர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் காப்பி கொடுத்து அனுப்பினார். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேடையில் போன மானம் அடுத்த மேடையில் வந்துவிடும். இது அப்படி வருகிற மானம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மண்டபம் முகாமுக்கு பஸ் ஏறினேன். முகாம் வாசலில் நின்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். உள்ளே கூப்பிடவில்லை. அவளே வெளியே வந்து, ரோட்டோர டீக்கடைப் பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"நான் பேசுனது தப்பு தர்சினி" என்றேன். "அதுலயும் எங்கிருந்தோ வந்தவன்னு சொன்னேன் பாரு, அது மன்னிக்கக்கூடிய பேச்சில்ல."

ரோட்டைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "உங்கட ஊர்ச்சனம் எல்லாரும் நினைக்கிறதைத்தானே அக்கா நீங்கள் வாய்விட்டுச் சொன்னீங்கள்."

"பாட்ட விட்டுராத."

"நான் பாட்டை விடேல்லை. உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறதைத்தான் விட்டனான்."

டீ ஆறிப்போனது. கடைசியில், "இனிமே நான் உனக்கு எந்தப் பக்கம் நிக்கட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் குழுவில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "வலது பக்கம்" என்றாள். எழுந்து முகாமுக்குள் போய்விட்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாஸ்டரின் ஊரில் மாதா கோயில் திருவிழா. அந்த மேடைக்கு எப்போதும் வெளியூரிலிருந்து பெரிய குழுக்கள்தான் வரும். முதல்முறையாக எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனேன். மேடைக்குப் பின்னால் தர்சினி சங்குப்பூ நிறச் சேலையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் போய் அவளுக்கு வலது பக்கம் நின்றுகொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பித்தோம். கடற்கரை மணல் முழுக்க ஜனம். இரண்டாவது பாட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து பாடுவது. பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைத்தோம், ஜெனரேட்டர் நின்றது. மைக், கீபோர்டு, பேட், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் போயின. கடலுக்கு மேல் மிச்சமிருந்த வெளிச்சத்தில் ஜனங்களின் தலை மட்டும் தெரிந்தது.

நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. தர்சினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்குப் போனேன். என் விரலால் அவள் கையில் தாளம் போட்டேன். கனி பேட்டை விட்டுவிட்டு டோலக்கை எடுத்துக்கொண்டு எங்கள் காலடியில் வந்து உட்கார்ந்தான். முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களைக் கையமர்த்தினார்கள். மைக் இல்லாத குரல் எத்தனை தூரம் போயிருக்கும் என்று தெரியாது. கேட்டவர்கள் திரும்பத் திரும்பப் பல்லவியைப் பாடி, கேட்காதவர்களுக்குக் கடத்தினார்கள். ஒரு பாட்டு முடிந்து, அதே சுருதியில் அடுத்ததை அவளே எடுத்தாள்.

அந்தப் பாட்டின் நடுவில் ஜெனரேட்டர் உயிர் பெற்றது. மாஸ்டர் உடனே வாசிக்கவில்லை. ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். நாங்கள் நின்றிருந்த சுருதி முடியளவுகூட இறங்கவில்லை. அவர் அப்படியே தலையைக் கீபோர்டின் மேல் கவிழ்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு அவருடைய ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

மிக்ஸரைச் சுற்றி நின்றபோது மாஸ்டரே முதலில் பேசினார். "என் தப்பு, உங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சது. ஒரு பிள்ள பழி சுமந்து நின்னப்பவும் முத்து சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காதது" என்றார்.

நான் அவரைத் தனியே கூப்பிட்டு, ஜெனரேட்டர் தானாகத்தான் நின்றதா என்று கேட்டேன். "மாதா சத்தியமா நான் தொடல" என்றார். பிற்பாடு விசாரித்ததில், ஜெனரேட்டர் வைத்திருந்தவர் அவருக்கு மச்சினன் முறை என்று தெரிந்தது. மாஸ்டர் சாகும்வரை அவரிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். சாகும்வரை அவர் சத்தியம் செய்துகொண்டேதான் இருந்தார். நான் இன்றுவரை நம்பவில்லை.

பதினைந்து வருஷம் தர்சினியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினோம். அவள் என்னை மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. பேச்சு வளர வளர, ஒரு ஆள் உட்காரும் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் உடைந்து, நான் மேடையை விட்டேன். அவள் இப்போது சொந்தமாக ஒரு குழு நடத்துகிறாள். பாதிப் பேர் முகாம் பிள்ளைகள். காதுகுத்து, கடைத்திறப்பு என்று எதையும் விடுவதில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் உச்சிப்புளியில் அவளுடைய கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடை ஏறுவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "இண்டைக்கு ஏதோ ஒண்டு நிண்டு போகும். நான்தான் நிப்பாட்டுவன். யாருக்கு, எப்ப எண்டு சொல்லமாட்டன். எண்டாலும் பாடுங்கோ."

சொன்னபடியே ஒரு பையனுக்கு மானிட்டரை நிறுத்தினாள். அவன் திணறினான், பக்கத்தில் நின்ற பெண் அவன் பக்கம் திரும்பி வாயசைத்துக் காட்டினாள், பிடித்துக்கொண்டான்.

முடிந்ததும் நான் கேட்டேன். "முன்னாடியே சொல்லிட்டா, மாஸ்டர் பண்ண மாதிரி பயம் தெளியுமா தர்சினி?"

வயரைச் சுருட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "சொன்னாலும் பயம் பயம்தானே அக்கா. ஆனா பக்கத்தில நிக்கிறவளில சந்தேகம் வராது."